காஸ்பெஸி சுற்று: கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு 885 கி.மீ.

கியூபெக் மாகாணத்தின் கிழக்கு முனையில், செயின்ட் லாரன்ஸ் நதி அகன்று அகன்று கடலாகவே மாறிவிடும் இடத்தில் இருக்கிறது காஸ்பெஸி தீபகற்பம். வடக்கே நதிமுகம், கிழக்கே வளைகுடா, தெற்கே ஷலூர் விரிகுடா, நடுவில் அப்பலாச்சியன் தொடரைச் சேர்ந்த ஷிக்-ஷாக் மலைகள். 132-ஆம் எண் சாலை இதை முழு வட்டமாகச் சுற்றிவந்து, சேன்ட்-ஃபிளாவி என்ற சிற்றூரில் தன்னோடு தானே சேர்ந்துகொள்கிறது. அங்கே தொடங்கி அங்கேயே முடியும் வட்டத்தின் நீளம் 885 கி.மீ.

இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒண்டாரியோவின் 401 ஹைவேயில் ஒரு நாளில் ஓட்டிவிடும் தூரம் இது. இங்கே கணக்கு வேறு. ஊருக்கு வெளியே 90 கி.மீ. வேகம் அனுமதி என்றாலும் ஊருக்குள் 50 தான். ஊர்களோ அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். வளைவுகள், செங்குத்து ஏற்ற இறக்கங்கள், முன்னால் ஊர்ந்து போகும் கேரவன்கள் எல்லாம் சேர்ந்து சராசரியை 60, 65-க்கு இறக்கிவிடும். நிற்காமல் ஓட்டினாலே 14 மணி நேரம் ஆகும் சாலை. நிற்காமல் ஓட்டுவதற்காக யாரும் இவ்வளவு தூரம் வருவதில்லை. வட்டத்துக்கு மட்டும் ஆறு இரவுகளாவது வேண்டும். டொராண்டோவிலிருந்து கிளம்பினால் மொத்தம் பத்து நாள், மாண்ட்ரியாலிலிருந்து என்றால் எட்டு நாள். அவ்வளவு விடுமுறை இல்லையென்றால் வட்டத்தை விட்டுவிட்டு லெ பிக், சேன்ட்-ஆன்-டே-மோன், ஷிக்-ஷாக் மலை என்று வடகரையோடு போய்த் திரும்புங்கள். அரைகுறையாகச் சுற்றுவதைவிட அது நல்லது.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

முதலில் முடிவு செய்ய வேண்டியது இதுதான். பலர் நேராக வடகரை வழியே, கிழக்கு முனையிலுள்ள பெர்செ ஊருக்குப் போய், தெற்கு வழியாகத் திரும்புவார்கள். எங்கள் பரிந்துரை நேர் எதிர். சேன்ட்-ஃபிளாவியிலிருந்து உள்நாட்டு மத்தாபெடியா பள்ளத்தாக்கில் இறங்கி, தென்கரையோடு கிழக்கே போய், பெர்செ, காஸ்பே நகரம், ஃபொரியோன் பூங்கா பார்த்து, வடகரையோடு மேற்கே திரும்புங்கள்.

கனடாவில் வண்டி ஓடுவது சாலையின் வலப்பக்கம். இடஞ்சுழியாகச் சுற்றினால் கரையோரம் முழுக்கக் கடல் வலப்பக்கமே இருக்கும். வண்டி நிறுத்திப் பார்க்கும் இடங்கள் பெரும்பாலும் கடற்பக்கம். நினைத்த இடத்தில் ஒதுங்கலாம். எதிர்த்திசையில் வந்தால் ஒவ்வொரு தடவையும் எதிர்வரும் வண்டிகளைக் கடந்து இடப்பக்கம் திரும்ப வேண்டும். அதுவும் வளைவு முடிந்த கையோடு, பின்னால் ஒரு மரலாரி உறுமிக்கொண்டிருக்கும்போது. இன்னொரு லாபம், காட்சிகள் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போய், கடைசியில்தான் மலையும் நதியும் முட்டிக்கொள்ளும் பகுதி வரும்.

குறையும் உண்டு. மேற்கே ஓட்டும் வடகரைப் பகுதியில் பிற்பகல் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். அந்த நாள் மட்டும் விடியற்காலையில் கிளம்பிவிட்டால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பாறைச் சுவர்களிலும் நல்ல வெளிச்சம் விழும்.

எப்போது, எதை முதலில் பதிவு செய்வது?

ஜூன் கடைசி வாரம் முதல் அக்டோபர் முதல் வாரம் வரை. அதற்கு முன்னால் போனால் மலைப்பாதைகளில் பனி கிடக்கும், கருப்பு ஈக்கள் கழுத்தையும் காதையும் கடித்து ரத்தம் எடுக்கும். அக்டோபர் நன்றி நவிலல் விடுமுறைக்குப் பிறகு மோட்டல்களும் மீன்கடைகளும் ஒவ்வொன்றாகக் கதவடைத்துவிடும். தவிர்க்க வேண்டியது ஜூலையின் கடைசி இரண்டு வாரம்: கியூபெக்கின் கட்டுமானத் தொழிலாளர் விடுமுறை. மாகாணமே சாலையில் இருக்கும், அறை கிடைக்காது. கூட்டம் குறைந்து, வெயிலும் நீடிக்கும் காலம் ஆகஸ்ட் பிற்பகுதியும் செப்டம்பரும். இலை நிறம் மாறுவதற்காகவே வருபவர்கள் செப்டம்பர் கடைசியைக் குறிவைக்கலாம். மத்தாபெடியா பள்ளத்தாக்கு அப்போது மஞ்சளும் சிவப்புமாக இருக்கும்.

முதலில் பெர்செவில் இரண்டு இரவு. அடுத்து காஸ்பெஸி தேசியப் பூங்கா. அங்குள்ள ழீத் து மோன்-ஆல்பேர் விடுதியும் முகாம்களும் மாகாணப் பூங்கா நிறுவனமான செபாக்கின் தளத்தில் பல மாதம் முன்பே பதிவுக்குத் திறக்கும். மூன்றாவது ஃபொரியோன், இது மத்திய அரசின் பார்க்ஸ் கனடா தளத்தில். இந்த மூன்றும் உறுதியானபின் மற்ற இரவுகளைச் சாவகாசமாக நிரப்பலாம். இரண்டு நிறுவனங்களுக்கும் நுழைவுக் கட்டணம் தனித்தனி. ஒன்றின் பாஸ் மற்றதில் செல்லாது. 17 வயது வரை இரண்டிலும் நுழைவு இலவசம்.

வண்டியும் பெட்ரோலும்

டொராண்டோவிலிருந்து போய்வர, உள்சாலைகளையும் சேர்த்துச் சுமார் 3,400 கி.மீ. வரும். 100 கி.மீ.க்கு 9 லிட்டர் குடிக்கும் வண்டிக்கு 306 லிட்டர். மாண்ட்ரியாலிலிருந்து 2,300 கி.மீ., ஏறத்தாழ 210 லிட்டர்.

பிரேக் பேடைக் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள், பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுவது நல்லது. வடகரை இறக்கங்களில் 10 சதவீதத்தைத் தாண்டும் சரிவுகள் உண்டு. மலைப் பூங்காவில் சரளைச் சாலை இருப்பதால் ஸ்டெப்னி டயரில் காற்று இருக்கிறதா என்றும் பார்க்கவும். தொட்டி பாதியானதும் நிரப்பும் பழக்கம் வைத்துக்கொண்டால் போதும். சிற்றூர் பங்க்குகள் இரவில் மூடிவிடும். ஆம்கி, கார்ல்டன், காஸ்பே, சேன்ட்-ஆன்-டே-மோன் ஆகிய நான்கும் கவலையில்லாமல் நிரப்பக்கூடிய ஊர்கள். மலைப் பூங்காவுக்குள் பெட்ரோல் கிடையாது, கைப்பேசி சிக்னலும் பெரும்பாலும் இராது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ரேடார் டிடெக்டர் கியூபெக்கில் சட்டவிரோதம். சாலை நிலவரத்துக்கு 511 என்ற தகவல் சேவை.

முதல் இரண்டு நாள்: சேன்ட்-ஃபிளாவி வரை

டொராண்டோவிலிருந்து கியூபெக் நகரத்துக்கு எதிரே உள்ள லெவி வரை 800 கி.மீ., ஹைவே ஓட்டம், சொல்ல ஒன்றுமில்லை. மாண்ட்ரியால் நெரிசலைத் தவிர்க்க வோத்ரேயில் ஆட்டோரூட் 30-க்கு மாறி, சுங்கப் பாலத்தில் நதியைக் கடந்து தென்கரையிலேயே போய் ஆட்டோரூட் 20-ஐப் பிடிக்கலாம்.

இரண்டாம் நாள் 330 கி.மீ. முழுவதையும் 20-இல் ஓட்டிவிடாதீர்கள். காமுராஸ்காவில் இறங்கி 132-க்கு மாறுங்கள். கூரை விளிம்புகள் வளைந்த பழைய மர வீடுகள், ஓதம் வற்றும்போது வெகுதூரம் தெரியும் சேற்றுப் பரப்பு, புகையூட்டிய விலாங்கு மீன் விற்கும் கடைகள் எல்லாம் இங்கே. லெ பிக் தேசியப் பூங்காவில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கடல் நாய்களைப் பார்க்க, தண்ணீர் வற்றும் நேரத்தைப் பார்த்துப் போகவும். பாறைகள் வெளியே தெரிந்தால்தான் அவை ஏறிப் படுக்கும். ரிமூஸ்கி அருகே பொயான்ட்-ஓ-பேர் கலங்கரை விளக்கமும் அருங்காட்சியகமும் உள்ளன. 1914 மே 29 அன்று எம்ப்ரெஸ் ஆஃப் அயர்லாந்து கப்பல் இந்த நதியில் மூழ்கி 1,012 பேர் இறந்தார்கள். டைட்டானிக்குக்கு இரண்டு ஆண்டு கழித்து நடந்தது. உலகப் போர் தொடங்கியதும் உலகம் மறந்துவிட்டது. ஒனோண்டாகா நீர்மூழ்கிக் கப்பலுக்குள் நுழைந்து பார்ப்பதும் இதே வளாகத்தில்தான்.

மூன்றாம் நாள்: மத்தாபெடியா பள்ளத்தாக்கு

சேன்ட்-ஃபிளாவியிலிருந்து கார்ல்டன் வரை சுமார் 220 கி.மீ. ஆம்கிவரை ஏரியும் வயலும். கோசாப்ஸ்கால் தாண்டியதும் மலைகள் நெருங்கி, சாலையும் ரயில் பாதையும் ஆறும் ஒரே இடுக்கில் நெருக்கியடித்துப் போகும். மத்தாபெடியா, சால்மன் மீனுக்குப் பேர்போன ஆறு. கோசாப்ஸ்காலில் இரண்டு ஆறுகள் சேருமிடத்தில் தூண்டிலோடு இடுப்பளவு நீரில் நிற்பவர்களைப் பார்க்கலாம். உரிமம் இல்லாமல் நீங்கள் தூண்டில் போட முடியாது. கூரை போட்ட மரப்பாலங்கள் வழியில் உண்டு. ரூத்தியேவிலில் உள்ளது சாலையிலிருந்தே தெரியும்.

இந்தப் பகுதியில் பெரிய ஆபத்து மூஸ் மான். அந்திக்குப் பிறகும் விடியலுக்கு முன்பும் ஓட்டவே வேண்டாம். உடல் கருமை, கால்கள் மிக நீளம். முகப்பு விளக்கு ஒளி காலில்தான் விழுகிறது; கண் அதற்கு மேலே இருப்பதால் மற்ற மான்களைப் போல ஒளிர்ந்து காட்டிக்கொடுப்பதில்லை. மோதினால் கார் கால்களை முறிக்க, அரை டன் உடல் நேராகக் கண்ணாடி வழியே உள்ளே வரும். கண்டால் நேராகப் பிரேக் பிடியுங்கள், ஸ்டியரிங்கை ஒடித்து மரத்திலோ எதிர்வண்டியிலோ போய் இடிக்காதீர்கள்.

பொயான்ட்-ஆ-லா-குரூவா ஊரை நெருங்கும்போது கைப்பேசி ஒரு மணி நேரம் முன்னால் தாவலாம். ஆற்றுக்கு அக்கரை நியூ பிரன்சுவிக் மாகாணம், அட்லாண்டிக் நேரம். இக்கரையிலும் சிலர் அந்த நேரத்தையே பின்பற்றுகிறார்கள். மறுநாள் எழுப்பு மணியும் படகு நேரமும் குழம்பாமலிருக்க, தானியங்கி நேரத்தை நிறுத்திவிட்டு மாண்ட்ரியால் நேரத்தில் வைத்துவிடுங்கள். இதே ஊரில்தான் 1760 ரிஸ்டிகூஷ் சண்டையின் நினைவிடம். வட அமெரிக்காவுக்காகப் பிரான்சும் பிரிட்டனும் மோதிய கடைசிக் கடற்சண்டை அது.

கார்ல்டனுக்கு முன்னால் மிகுவாஷா. 1999-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பாறைச்சரிவு. மீன்கள் நிலத்துக்கு ஏறிய காலத்தின் புதைபடிவங்கள் இங்கே குவியலாகக் கிடைத்திருக்கின்றன. பார்க்கலாம், கீழே கிடக்கும் கல்லைக்கூட எடுக்கக் கூடாது. மாலையில் கார்ல்டன் ஊருக்குப் பின்னால் உள்ள 555 மீட்டர் மோன் சேன்-ஜோசெஃப் உச்சிக்குக் காரிலேயே ஏறிவிடலாம்.

நான்கும் ஐந்தும்: பெர்செ

கார்ல்டன் முதல் பெர்செ வரை 195 கி.மீ., தென்கரை சமதளம், எளிது. வழியில் பொனவென்ச்சர் ஆறு: அடிக்கூழாங்கல் எண்ணும்படி தெளிந்த மரகத நீர், கனூ வாடகைக்குக் கிடைக்கும். பாஸ்பெபியாக்கில் உலர்த்திய காட் மீனைக் கடல்கடந்து ஏற்றுமதி செய்த காலத்துக் கிடங்குகள். பெர்செவுக்குப் பத்து கி.மீ. முன்னால் லான்ஸ்-ஆ-போஃபீஸ் துறைமுகம். சாப்பாட்டை இங்கேயே முடித்துக்கொண்டால் பெர்செவின் வரிசையும் விலையும் மிச்சம்.

பெர்செ பாறை 433 மீட்டர் நீளம், 88 மீட்டர் உயரம், ஒரு முனையில் இயற்கை வளைவு. இரண்டாவது வளைவு ஒன்றும் இருந்தது. 1845 ஜூனில் இடிந்து விழுந்தது. தனியாக நிற்கும் தூண் அதன் மிச்சம். பழைய பயணக் குறிப்புகள் நீர் வற்றும்போது பாறைவரை நடந்து போகச் சொல்லும். அதை நம்பாதீர்கள். மேலிருந்து கல் உதிர்ந்துகொண்டே இருப்பதால் பாறையை ஒட்டி நடப்பது இப்போது தடை.

இரண்டு இரவு கேட்டதன் காரணம், கடற்பறவைகள் கூடும் பொனவென்ச்சர் தீவு. காற்றோ மூடுபனியோ படகை நிறுத்திவிட்டால் மறுநாள் ஒன்று கையில் இருக்க வேண்டும். எனவே, வந்த நாளிலேயே வானிலை நன்றாக இருந்து நேரமும் இருந்தால் தள்ளிப்போடாமல் போய்விடுங்கள். செய்ய வேண்டியது இப்படி:

1. காலை முதல் படகுகளில் ஒன்றைப் பிடியுங்கள். படகுச்சீட்டு வேறு, பூங்கா நுழைவு வேறு, இரண்டும் வேண்டும். நாயைக் கூட்டிப்போக முடியாது.
2. படகு பாறையைச் சுற்றி, தீவின் செங்குத்துச் சுவரை ஒட்டிப் போய்த்தான் இறக்கிவிடும். வயிறு புரட்டுபவர்கள் அரைமணி முன்பே மாத்திரை போட்டுக்கொண்டு பின்பக்கம் உட்காரவும்.
3. இறங்கியதும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
4. பறவைகள் இருப்பது தீவின் மறுபக்கம். மிகக் குறுகிய பாதையான செந்தியே தே கொலோனி ஒருவழி 2.8 கி.மீ., முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், தொடக்கத்தில் ஏற்றம். போக அதையும், திரும்பக் கரையோரப் பாதையையும் எடுப்பது நல்ல வரிசை. நேரம் குறைவென்றால் வந்த வழியே திரும்புங்கள்.
5. தண்ணீர், சாப்பாடு, காற்றுத் தடுக்கும் சட்டை. ஊரில் வெயில் அடித்தாலும் குன்றின் விளிம்பில் குளிரும்.

காட்டை விட்டு வெளியே வருமுன்பே வாடை வந்துவிடும், பிறகு இரைச்சல். வட கேனட் பறவைகள் ஒரு லட்சத்துக்கு மேல் கூடும் இடம் இது. வேலிக்கு ஒரு கை தூரத்தில் மஞ்சள் பூசிய தலையும் வெளிர்நீலக் கண் வளையமுமாக உட்கார்ந்திருக்கும். இணை கடலிலிருந்து திரும்பியதும் இரண்டும் அலகை வானுக்கு நீட்டி வாள்போல உரசிக்கொள்ளும். கூடுகளுக்கு நடுவே சம இடைவெளி. ஒரு கொத்து எட்டும் தூரம்தான் அந்த எல்லை. பெரிய லென்ஸ் தேவையே இல்லை.

பெர்செ மாண்ட்ரியாலின் கடிகாரத்தில் ஓடினாலும் வெகு கிழக்கே இருக்கிறது. ஜூன் இறுதியில் நாலரைக்கு முன்பே விடிந்துவிடும், எட்டரைக்குச் சூரியன் மறைந்துவிடும். மாலையை நம்பித் திட்டம் போடாமல் காலையைப் பயன்படுத்துங்கள்.

ஆறாம் நாள்: ஃபொரியோன்

காஸ்பே நகரம் 65 கி.மீ. 1534 ஜூலை 24 அன்று ஜாக் கார்ட்டியே சிலுவை நட்டு இந்த நிலத்தைப் பிரெஞ்சு அரசருக்கு உரியதென அறிவித்த இடம். அதற்கு முன்பும் பின்பும் இது மிக்மாக் மக்களின் நிலம்.

ஃபொரியோன் பூங்கா தீபகற்பத்தின் கடைசி நாக்கு. தென்பகுதியில் லே கிராவ் பாதை: லான்ஸ்-ஓ-அமெராந்தியன் வாகன நிறுத்தத்திலிருந்து காஸ்பே முனைவரை போய்வர 8 கி.மீ., மூன்று மணி நேரம். முனையில் நின்றால் திமிங்கிலம் மூச்சுவிடும் நீர்த்தாரை கரையிலிருந்தே தெரிவதுண்டு. கிராண்ட்-கிராவில் பராமரிக்கப்படும் மீனவர் வீடுகளைப் பார்க்கும்போது பின்கதையும் தெரிந்திருக்க வேண்டும். 1970-இல் பூங்காவுக்காக 225 குடும்பங்களின் நிலம் எடுக்கப்பட்டு, பல வீடுகள் எரிக்கப்பட்டன. கனடா நாடாளுமன்றம் 2011-இல் மன்னிப்புக் கேட்டது.

ஏழாம் நாள்: வடகரை

இந்தப் பயணத்தின் உச்சம் இதுதான், 220 கி.மீ. காஸ்பேயிலிருந்து 197 குறுக்குச்சாலையைக் காட்டும் ஜிபிஎஸ்ஸை மதிக்காதீர்கள். பூங்காவைச் சுற்றும் 132-லேயே இருங்கள். அப்போதுதான் காப்-தே-ரோசியே கலங்கரை விளக்கம் வழியில் வரும். 1858-இல் கட்டியது, 34 மீட்டர், கனடாவிலேயே உயரமானது.

ரிவியேர்-ஓ-ரெனார் முதல் மாத்லேன் வரை ஏற்ற இறக்கம். ஒவ்வொரு ஆறும் மலையைக் கிழித்துக் கடலில் சேருமிடத்தில் ஓர் ஊர். சாலை ஒவ்வொன்றுக்கும் இறங்கி மறுபடி மேலேறும். இறக்கம் தொடங்கும் முன்பே, உச்சியிலேயே, கியரைக் குறையுங்கள். ஆட்டோமேட்டிக்கில் ‘எல்’ அல்லது கைமுறை நிலையில் இரண்டு, மூன்று. பிரேக்கை லேசாக வைத்துக்கொண்டே இறங்கினால் பேட் சூடாகிக் கருகிய வாடை வரும், பெடல் மெத்தென்று உள்ளே போகும். அப்படியானால் ஊருக்குள் பாதுகாப்பாக ஒதுக்கி அரைமணி ஆறவிடுங்கள். ஹேண்ட்பிரேக்கை இறுக்காமல் ‘பி’-யில் நிறுத்துங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். கிராண்ட்-வாலே ஊருக்கு மேலே உள்ள பார்வையிடம் இந்தப் பகுதியில் விடக்கூடாத நிறுத்தம்.

குரோ-மோர்ன் தாண்டியதும் சாலை கடல்மட்டத்துக்கு இறங்கிவிடும். இடப்பக்கம் அடுக்கடுக்காக மடிந்த கரும்பாறைச் சுவர், வலப்பக்கம் ஒரு தடுப்புச் சுவர், அதற்கப்பால் நீர். மலைக்கும் கடலுக்கும் இடையில் மிஞ்சியது இந்த இரண்டு வழித்தடம் மட்டுமே. மழைக்கும் பனி உருகலுக்கும் பிறகு கல் உருளும். இலையுதிர் காலப் புயலும் உயரோதமும் சேர்ந்தால் அலை சாலைக்கு மேலேயே வந்து விழும். அந்த நாட்களில் 511 பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பாறையடியில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். மோன்-சேன்-பியேரில் மலையுச்சியிலிருந்து பாராகிளைடர்கள் குதிப்பதைக் கடற்கரையில் உட்கார்ந்து பார்க்கலாம். லா மார்த்ரில் சிவப்பு மரக் கலங்கரை விளக்கம்.

எட்டாம் நாள்: ஷிக்-ஷாக்

சேன்ட்-ஆன்-டே-மோனிலிருந்து 299-இல் தெற்கே 40 கி.மீ. போனால் காஸ்பெஸி தேசியப் பூங்கா. ஒரே நாள் என்றால் ஒரே மலை.

ஜாக்-கார்ட்டியே, 1,268 மீட்டர்: போய்வர எட்டு கி.மீ.க்குச் சற்று அதிகம். பாதை ஜூன் 24 வாக்கில்தான் திறக்கும், கரிபூ மான்கள் குட்டி ஈனும் காலம் என்பதால். செயின்ட் லாரன்ஸ் நதிக்குத் தெற்கே எஞ்சிய கடைசிக் கரிபூக் கூட்டம் இது, சில டஜன் மட்டுமே. சரளைச் சாலையில் லா கலேன் முகாம்வரை போய், அங்கிருந்து பூங்காவின் பேருந்தில்தான் ஏறுமுகத்துக்குப் போக முடியும். இடத்தை முன்பதிவு செய்யவும். உச்சிச் சமவெளியில் மரமே கிடையாது, காற்று கூடாரத்தைத் தூக்கும் அளவுக்கு அடிக்கும். ஜூலையிலும் கையுறையும் தொப்பியும் வேண்டும்.

மோன் ஆல்பேர்: முழு வட்டம் சுமார் 17 கி.மீ., ஏழு மணி நேரம், நல்ல நடையர்களுக்கு. உச்சி முழுக்க ஆரஞ்சு நிறப் பாம்புக்கல். அதில் மக்னீசியமும் நிக்கலும் அதிகம்; பெரும்பாலான செடிகளுக்கு விஷம் என்பதால் மலையே துருப்பிடித்ததுபோல் வெறுமையாகக் கிடக்கும்.

குழந்தைகளோடு வந்தால் எர்னஸ்ட்-லாஃபோர்ஸ், 4.5 கி.மீ. மூஸை நெருக்கத்தில் பார்க்க வாய்ப்புள்ள பாதை. நடந்து போகும்போது பார்த்தால் சந்தோஷம்.

சாப்பாடு

ரிவியேர்-து-லூவுக்குக் கிழக்கே அரிசி பருப்பெல்லாம் சூப்பர்மார்க்கெட்டின் ஒரு மூலையில் தேட வேண்டிய பொருள். சமையலறை உள்ள அறை எடுத்து, குக்கரும் பொடிகளும் கொண்டுபோவது புத்திசாலித்தனம். சைவர்கள் கவனிக்க வேண்டியவை: பூட்டினில் (உருளைக்கிழங்கு வறுவலும் சீஸும் சேர்ந்த கியூபெக் உணவு) ஊற்றும் குழம்பு பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்தது, பட்டாணி சூப்பில் பன்றி இருக்கும். ‘சான் வியாந்த்’ என்றால் இறைச்சி இல்லாமல். மீனுக்கு ‘சான் புவாசோன்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். எதைக் கேட்பதற்கு முன்னும் ஒரு ‘போன்ஜூர்’. மீன் சாப்பிடுபவர்களுக்குக் கொண்டாட்டம். ‘புவாசோனெரி’ என்ற பலகை கண்டால் நிறுத்துங்கள். லாப்ஸ்டர் பருவம் வசந்தத்தில் தொடங்கி ஜூலைத் தொடக்கத்தில் முடிந்துவிடும். அவித்துத் தரச்சொல்லி வாங்கி, துறைமுகப் பெஞ்சிலேயே உடைத்துச் சாப்பிடலாம்.

திரும்பும் வழி

காப்-ஷாவில் 110 மீட்டர் உயரச் செங்குத்து அச்சுக் காற்றாலை நிற்கிறது, 1990-களின் தொடக்கத்திலேயே சுற்றுவதை நிறுத்திவிட்டது. மத்தானில் சின்ன இறால், அவித்துக் குளிர வைத்தது, ஒரு பொட்டலம். வட்டம் முடியுமுன் கிராண்ட்-மெத்தீஸில் எல்சி ரெஃபோர்ட் உருவாக்கிய தோட்டம். ஜூன் இறுதி முதல் ஜூலைவரை வந்தவர்களுக்கு இமயமலை நீலப் பாப்பி பூத்திருக்கும். இங்குள்ள ஈரக் குளிர்தான் அதற்கு ஒத்துப்போகிறது.

சேன்ட்-ஆன்-டே-மோனிலிருந்து கியூபெக் நகரம் 490 கி.மீ. தோட்டத்தில் நேரம் செலவிட்டால் அன்றிரவு ரிவியேர்-து-லூவில் தங்கிவிடுங்கள். பத்தாம் நாள் ஞாயிறாக அமைந்தால் பிற்பகல் இரண்டுக்குள் மாண்ட்ரியாலைத் தாண்டிவிடப் பாருங்கள். பெட்ரோலுக்காக மாண்ட்ரியால் தீவுக்குள் நுழைந்தால், சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்புவது அங்கே குற்றம்.